ஃபார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறதா? ஃபார்மட். வைஃபை வரவில்லையா? ஃபார்மட். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து சர்வீஸ் கடைக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். மூடியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கொண்டுபோகிறவரே "ஒரு ஃபார்மட் போட்டுக் குடுத்துருங்க" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுகிறார். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத ஊர் நம்முடையது.

இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. அதிலும் பழைய கம்ப்யூட்டரில் வயர்லெஸ் வரவில்லை என்பதற்காக ஃபார்மட் போடுவது, வலதுகால் வீங்கியிருக்க இடதுகாலை அறுக்கிற வேலை. அறுத்த காலில் புதிதாகப் புண் வருவது தனிக்கணக்கு.

என் சித்தப்பா தேனிப் பக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார். 2012இல் வாங்கிய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறார். 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 ஹோம் பேசிக். அதில் அவருக்கு மூன்றே வேலை: செய்தி படிப்பது, ஓய்வூதியர் சங்கத்துக் கடிதங்கள் தட்டுவது, மொய்க் கணக்கு. மூன்றாவதை லேசாக நினைக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் மொய் என்பது திரும்பச் செய்தே ஆகவேண்டிய கடன். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் ஒரு விசேஷ வீட்டு மொய் மேசை முன்னால் போய் நின்றால் மானம் போய்விடும். மகள் கல்யாணத்து மொய் நோட்டைக் கரையான் அரிக்கத் தொடங்கியதும், ஒரு சித்திரை மாதம் முழுக்க உட்கார்ந்து அத்தனை பெயர்களையும் எக்செல்லில் ஏற்றினார். அந்தக் கோப்பை எல்லோரும் வைக்கிற இடத்தில்தான் அவரும் வைத்திருந்தார்: டெஸ்க்டாப்பில்.

2022இல் வீட்டுக்கு ஃபைபர் நெட் வந்தது, புது ரூட்டர். செல்போனில் படம் பறந்தது. லேப்டாப்பிலோ, அந்த ரூட்டரின் பெயரே பட்டியலில் இல்லை. கடைக்குத் தூக்கிப் போனார். "ஓ.எஸ். கரப்ட் சார்" என்றார்கள். ஃபார்மட் ஆனது. ஹோம் பேசிக் போய் அல்டிமேட் வந்தது. கடையின் வைஃபையில் போட்டுக் காட்டினார்கள், பாட்டு ஓடியது. வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. இரண்டாம் தடவை விண்டோஸ் 10, அதுவும் யாரோ வெட்டிச் சுருக்கிய 'லைட்' பதிப்பு. கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை. மூன்றாம் தடவை, "கார்டு வீக் ஆயிடுச்சு. பழசு சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிருங்க" என்று கையை விரித்தார்கள். நெட் கொடுத்தவர்களைக் கேட்டால், "செல்லுல வருதுல்ல? அப்ப உங்க லேப்டாப்புலதான் கோளாறு."

பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் மூன்று தெரிந்தன. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஈனஸ்வரத்தில் வருகிற ஒன்றுகூடத் தெரிந்தது. நாலடி தள்ளி டிவிக்கு மேலே கண் சிமிட்டிக்கொண்டிருந்த சொந்த வீட்டு ரூட்டரை மட்டும் காணோம். எதிர்வீட்டுப் பேச்சு கேட்கிறவனை எப்படிச் செவிடு என்பது? கார்டு நன்றாகத்தான் இருந்தது.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைச் செல்போனில் திறந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் சானல் 'ஆட்டோ' என்றிருந்தது. அது தானாகத் தேடிப் போய் உட்கார்ந்திருந்த இடம் 13. நம் நாட்டில் 1 முதல் 13 வரை எந்தச் சானலிலும் வைஃபை ஓடலாம். அமெரிக்காவில் வழக்கம் 11 வரைதான். அந்த நாட்டு விதிப்படி அமைத்து விற்ற பழைய கார்டுகள் 12, 13இல் யார் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. அதே ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் காலத்து மலிவு லேப்டாப்புகளின் கார்டுக்கு அந்த அலைவரிசையே கிடையாது. சானலை 6 என்று மாற்றிச் சேமித்தேன். அரை நிமிஷத்தில் பெயர் வந்து நின்றது.

"இதுக்காய்யா ரெண்டு தடவ அழிச்சானுக?" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "மொய்க் கணக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "டி டிரைவ்ல இருக்கறது போகாது சார்" என்று கடையில் சொன்னது பொய்யில்லை. டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் சி டிரைவில் இருக்கின்றன என்பதைத்தான் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது நின்று நிதானமாக யோசித்திருந்தால் லேப்டாப் தப்பித்திருக்கும். கோளாறு லேப்டாப்புக்கு வெளியே இருக்கிறது என்று அந்த வாக்கியமே சொல்கிறது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து பிரௌசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பென்டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடிக்கொள்ளும். ஃபோல்டர் போலவே வேஷம் போட்ட .எக்ஸ்இ கோப்புகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். அந்த நாளில் ஃபார்மட் நிஜமாகவே மருந்து. பென்டிரைவிலிருந்து நிரல் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011இல் ஒரு அப்டேட் மூலம் அடைத்தது. எக்ஸ்பிக்கான ஆதரவே 2014 ஏப்ரலில் முடிந்தது. நோய் போய்விட்டது, மருந்துச்சீட்டு மட்டும் தலைமுறை தாண்டி நிற்கிறது.

"ஃபார்மட் போட்டா ஸ்பீடா இருக்கே" என்பார்கள். இருக்கும், மூன்று மாதம். பிறகு அதே கதைதான். 5400 சுற்று ஹார்ட் டிஸ்க்தான் அந்த மந்தத்துக்குக் காரணம். அதைக் கழற்றிவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் வருகிற வித்தியாசத்தை நூறு ஃபார்மட்டும் தராது. ஆனால் அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்து, பதிப்பு. எந்த விண்டோஸ் போடுவது என்பதை நம் ஊரில் லேப்டாப்பின் உரிமையாளர் முடிவு செய்வதில்லை. லேப்டாப்பின் தகுதியும் முடிவு செய்வதில்லை. கடைக்காரரின் பென்டிரைவில் எது இருக்கிறதோ அதுதான் பதிப்பு. பல வருஷம் அது விண்டோஸ் 7 அல்டிமேட்டாக இருந்தது. ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், புரொஃபஷனல் என்று வரிசை இருக்க, 'அல்டிமேட்' என்ற பேரே பாதி வியாபாரத்தை முடித்துவிட்டது. அதில் கூடுதலாக என்ன இருந்தது? டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லாக்கர், அலுவலகங்களுக்கான ஆப்லாக்கர், பல மொழி முகப்பு. ரிடையர்டு வாத்தியாருக்கு இவற்றால் ஒரு காசுப் பிரயோஜனம் இல்லை. வயர்லெஸ்ஸைப் பொறுத்தவரை எல்லாப் பதிப்புகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே சரக்கு. ஹோம் பேசிக்கில் பேசாத கார்டு அல்டிமேட்டில் பேசும் என்பது, சட்டையை மாற்றினால் காய்ச்சல் இறங்கும் என்பது போல.

இழந்தது என்ன தெரியுமா? அந்த லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஹோம் பேசிக்கின் உரிமம் அது. அதை ஒதுக்கிவிட்டுக் கள்ளச் சாவி போட்ட அல்டிமேட்டை ஏற்றினார்கள், அதுவும் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன 2020 ஜனவரிக்கு இரண்டு வருஷம் கழித்து. விண்டோஸ் 8க்குப் பிறகு வந்த லேப்டாப்புகளில் உரிமச் சாவி போர்டிலேயே பதிந்திருக்கும். வாங்கும்போது இருந்த பதிப்பையே, பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்', மறுபடி ஏற்றினால் கேள்வியே கேட்காமல் தானாக உரிமம் பெற்றுக்கொள்ளும். கடையில் 'புரோ' ஏற்றுவார்கள். அது சாவி கேட்கும். அதற்கு ஒரு கள்ள நிரல். அந்த நிரலை வைரஸ் என்று ஆன்டிவைரஸ் பிடிக்கும், ஆகவே ஆன்டிவைரஸை அணைப்பார்கள். வைரஸுக்குப் பயந்து ஃபார்மட் போடப் போனவர் காவல்காரனைக் கடையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்.

'லைட்' பதிப்புகள் இதைவிட மோசம். முகம் தெரியாத எவரோ விண்டோஸிலிருந்து தனக்குத் தேவையில்லை என்று தோன்றியதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு இணையத்தில் போட்டது அது. வைஃபையைக் கவனித்துக்கொள்ள விண்டோஸுக்குள் தனியாக ஒரு சேவை ஓடவேண்டும், அதன் பெயர் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக். அதையே அணைத்துவைத்த லைட் பதிப்பை நான் பார்த்திருக்கிறேன். கார்டு உண்டு, டிரைவர் உண்டு, வைஃபை பட்டன் இல்லை.

ஃபார்மட்டே வயர்லெஸ்ஸைக் கொல்லும் வழியும் உண்டு. வாங்கியபோது கம்பெனி ஏற்றிவைத்த டிரைவர் அத்தனையும் ஃபார்மட்டில் போகும். பழைய லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் 7 ஏற்றினால் வைஃபை டிரைவரும் இராது, பல நேரம் கேபிள் நெட்டுக்கான டிரைவரும் இராது. நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். கல்யாணமானால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணமாகும் என்கிற கதை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு நிற்கும் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்'மேல் வலது கிளிக் செய்து ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் கார்டு தன் ஜாதகத்தைத் தானே சொல்லும். விஇஎன் என்பதற்குப் பின் 14இ4 என்றிருந்தால் பிராட்காம், 168சி என்றால் ஏதெராஸ், 10இசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல். (1978இல் தான் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் எண்ணையே இன்டெல் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது, அழகான குறும்பு.) அந்த எண்ணைத் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும். அதை இறக்க ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போட்டால் போதும். விண்டோஸ் 10இலும் லினக்ஸிலும் இது பெரும்பாலும் மறுபேச்சின்றி வேலை செய்யும். பத்து நிமிஷ வேலை.

பழைய லேப்டாப்பில் வைஃபை நிற்பதற்கான காரணங்கள் பலவும் ஃபார்மட்டின் கை எட்டாத இடத்தில் இருக்கின்றன. முன்விளிம்பில், உள்ளங்கை வைக்கிற இடத்துக்குக் கீழே, நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சின்ன ஸ்விட்ச். பையில் போட்டு எடுக்கையில் நகர்ந்திருக்கும். லினக்ஸில் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டினால், மென்பொருள் அடைத்திருக்கிறதா, ஸ்விட்ச் அடைத்திருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். அல்லது, ராம் மாற்றக் கழற்றியவர் கார்டின் தலையிலிருக்கும் கறுப்பு, வெள்ளை ஆன்டெனா ஒயர்களில் ஒன்றைத் திரும்பச் செருக மறந்திருப்பார். ரூட்டர் பக்கத்தில் இருந்தால் வரும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். அல்லது, புது ரூட்டரில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருப்பார்கள். அந்தப் பாஷை 2018இல்தான் பிறந்தது. 2010இல் செய்த கார்டுகள் பலவற்றுக்கு அது புரியாது. ரூட்டரில் டபிள்யூபிஏ2வும் சேர்த்து அனுமதித்தால் முடிந்தது.

எனக்குப் பிடித்த கோளாறு இன்னொன்று. வைஃபை இணைந்திருக்கும், சிக்னல் நிறைந்திருக்கும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கை வரும். வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்: 2009 ஜனவரி 1. போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தளத்தின் சான்றிதழ் போன வருஷம் வழங்கப்பட்டது. 2009இல் வாழ்கிற லேப்டாப்புக்கு அது இன்னும் பிறக்காத குழந்தை, நம்ப மறுக்கிறது. கடையில் ஃபார்மட் போட்டு, தேதியைத் திருத்தி, சார்ஜரை உருவாமலே ஓட்டிக் காட்டுவார்கள். மெயின் பேட்டரியும் செத்த லேப்டாப்பாக இருந்தால், வீட்டுக்கு வந்து பிளக்கைச் செருகும்போது மறுபடி 2009தான். ஒரு தட்டைப் பேட்டரிக்காக ஒருவரின் குழந்தைப் படங்கள் போனதை நான் கண்டிருக்கிறேன்.

இனி லினக்ஸ்காரர்களிடம் வருகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் உரிமையோடு திட்டலாம். "பழைய மெஷினா? லைட்டா ஒரு லினக்ஸ் போடு" என்கிற மந்திரம் அதே ஃபார்மட் நம்பிக்கைதான், வேறு வேட்டி கட்டி வருகிறது. உபுண்டுவில் வைஃபை வரவில்லை என்றால் சுபுண்டு, அதிலும் வரவில்லை என்றால் லுபுண்டு என்று வாரம் ஒன்றாக ஏற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் ஓடும் கர்னலும் டிரைவர்களும் எல்லாவற்றிலும் ஒன்றே. மேலே தெரியும் டெஸ்க்டாப்தான் வேறு.

பிராட்காம் பிசிஎம்4312 என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஐடி 14இ4:4315. ஒரு காலத்தில் எங்கு திரும்பினாலும் இதுதான். லினக்ஸில் இதற்கு பி43 என்ற டிரைவர் கர்னலோடு வருகிறது. ஆனால் கார்டுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேரை மறுவினியோகம் செய்ய உரிமை இல்லாததால் அது கூட வராது. அதை இறக்கித் தர ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்று ஒரு பொதி உண்டு. அதற்கு நெட் வேண்டும், ஆக மறுபடி செல்போன் ஒயர். டெபியன் 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பிலிருந்து மூடிய ஃபர்ம்வேர்களையும் தன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டது. இன்டெல், ரியல்டெக், ஏதெராஸ் கார்டு வைத்திருந்த பலருக்குத் தலைவலி அதோடு விட்டது. இந்த பி43 வகைக்கு விடவில்லை. எட்டு பதிப்புகளை மாற்றி மாற்றி ஏற்றுவதைவிட இந்த ஒரு தகவல் உதவும்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதே வீண் என்று சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் சில்லு என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள். அதன் 24எச்2 பதிப்பு கோர் 2 டூவோவில் எழுந்திருக்கவே மறுக்கிறது. ஆகவே பத்து வருஷத்துக்கு முந்தைய லேப்டாப்பை நெட்டில் வைத்து ஓட்ட லினக்ஸ்தான் யோக்கியமான வழி. 4 ஜிபி ராம் இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய ஆட்டம் சில்லு என்றால் டெபியன் 12. அடுத்த பதிப்பில் 32 பிட்டுக்கு நிறுவியே இல்லை. 2 ஜிபியில் எந்த 'லைட்'டைப் போட்டாலும் டெஸ்க்டாப் மிச்சம்பிடிக்கிற சில நூறு எம்பியை பிரௌசர் ஒரே வாயில் விழுங்கிவிடும். அங்கே வாங்கவேண்டியது இன்னொரு ராம். எதைப் போடுவதானாலும் முதலில் பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. அதில் வைஃபை வந்தால் கார்டு நலம் என்று கையில் எழுதிக் கொடுத்த மாதிரி.

தமிழ்நாடு அரசு 2011இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது, சென்னை சி-டாக்கில் உருவானது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் வாங்கிய வாரமே செய்த முதல் காரியம், கடைக்குப் போய் அதை அழித்துவிட்டு அல்டிமேட் போட்டதுதான்.

ஃபார்மட்டில் போகிற இன்னொன்று, எழுத்துரு. பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பத்து வருஷத்துக் கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதுபோல் தெரியும். கோப்பு பத்திரமாக டி டிரைவில் இருந்தும் படிக்க முடியாமல், கெட்டுப்போய்விட்டது என்று நம்பி அழித்தவர்கள் உண்டு. சித்தப்பாவின் சங்கக் கடிதங்களும் அப்படித்தான் கிடந்தன. எழுத்துருவை மறுபடி நிறுவியதும் அவை உயிர்த்தெழுந்தன. மொய்தான் வரவில்லை.

ஃபார்மட்டே கூடாதா? கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வைரஸ் புகுந்தால் போடுங்கள். விற்கும் முன் போடுங்கள். அவ்வளவுதான் என் சலுகை.

கடைக்காரர் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஃபார்மட்டுக்கு ஒரு ரேட் உண்டு. போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். சானல் 13ஐக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "ரூட்டர்ல ஒரு நம்பர் மாத்துங்க, முன்னூறு ரூபா குடுங்க" என்றால், சும்மா பார்த்ததுக்கா காசு என்று நாம்தான் சண்டைக்குப் போவோம். யோசிப்பதற்குக் கூலி தராத ஊரில் அழிப்பதற்குத்தான் கூலி.

சித்தப்பாவோடு அந்தக் கடைக்கு ஒருமுறை போனேன், சண்டைக்கு இல்லை, ஒரு பட்டன் பேட்டரி வாங்க. கல்லாவில் ஒரு பழைய சிஸ்டம், இன்னமும் எக்ஸ்பி. பில் ஒன்று அச்சாக இரண்டு நிமிஷம் ஆனது. மவுஸை மேசையில் தட்டித் தட்டிக் காத்திருந்தார் கடைக்காரர்.

"ரொம்ப ஸ்லோவா இருக்கேண்ணே. ஒரு ஃபார்மட் போட்டுறலாமே?" என்றேன்.

"ஐயோ, அதுல கைய வச்சிராதீக தம்பி" என்றார். "பத்து வருஷத்துக் கணக்கு இருக்கு."